ஸுஸு: ஆளில்லாத வீட்டில் கரி ஏது?

ஜப்பானிய மொழியில் புகைக்கரிக்கு 'ஸுஸு' என்று பெயர். அகராதியில் ஒரு வரியோட முடிஞ்சிடும். ஆனா புழக்கத்தில் இந்தச் சொல்லுக்கு ரெண்டு முகம்.

முதல் முகம் அழுக்கு. 'ஸுஸுகெரு' என்ற வினைக்குக் கரி படிதல் என்பதோடு, பழசாகி நிறம் மங்கிப்போதல் என்றும் பொருள். ஆண்டுக் கடைசியில் வீட்டுக்கு ஒட்டடை அடிப்பது 'ஸுஸுஹராய்'. எடோ காலத்தில் பன்னிரண்டாம் மாதம் 13ஆம் தேதி அதற்கென்றே ஒதுக்கப்பட்ட நாள். ஹைக்கூவில் இது ஒரு பருவச்சொல். பாஷோவும் இதை வைத்து எழுதியிருக்கார்.

இரண்டாவது முகம் மதிப்பு. பழைய கூரை வீடுகளின் நடுவே 'இரோரி' என்ற தரைக்குழி அடுப்பு இருக்கும். அந்தப் புகையை நூறு வருஷத்துக்கு மேல குடிச்ச கூரை மூங்கில்தான் 'ஸுஸுதாகே'. தேநீர்ச் சடங்குக்கான கரண்டி செய்ய அதைத் தேடி வாங்குறாங்க. தூரிகை எழுத்துக்கான மையும் கரிதான். பைன் மரப் புகையிலோ எண்ணெய்ப் புகையிலோ படிந்த கரியைத் தோல்பசையில் குழைச்சுச் செய்வது. துடைச்சு எறியறதும் கரி, கவிதை எழுதுறதும் கரி.

மியசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ' (1988) படத்தில் வரும் குட்டிக் கரி உருண்டைகளுக்கு 'ஸுஸுவதாரி' என்று பெயர். ஆளில்லாத பழைய வீட்டில் சேருமாம். மனுஷங்க வந்து சிரிச்சா கிளம்பிடுமாம். பார்க்க அழகுதான். ஆனா எனக்கு ஒரு நெருடல்: ஆளில்லாத வீட்டில் அடுப்பேது, புகையேது? கரி என்பது மனுஷன் சமைச்சு, குளிர்காய்ந்து வாழ்ந்ததோட மிச்சம். படம் அதைத் தூசி கணக்கில் சேர்த்துவிட்டது. அதாவது, முதல் முகம் மட்டும்.

அதே உருண்டைகள் 'ஸ்பிரிட்டட் அவே' (2001) படத்தில் கொதிகலன் அறையில் நிலக்கரி சுமக்கின்றன. வேலை இல்லைன்னா மந்திரம் போயிடும் என்கிறார் அங்கே இருக்கும் கிழவர் கமாஜி. ஸுஸுவைக் குறிக்கும் அதே எழுத்துக்கு இன்றைய சீனத்தில் நிலக்கரி என்றுதான் பொருள். இயக்குநர் அதை நினைச்சாரா தெரியாது. ஆனா கரி தன் தாயையே சுமந்து நெருப்பில் போடுகிற அந்தக் காட்சியில் சொல்லின் இரண்டு முகமும் சேர்ந்து நிற்கின்றன. அழுக்கு, உழைப்பு, நெருப்பு எல்லாம் ஒரே இடத்தில்.

டோட்டோரோவைத்தான் எல்லாரும் கொண்டாடுறாங்க. ஆனா இந்தச் சொல்லைச் சரியாகப் படித்தது இரண்டாவது படம்தான் என்பது என் கணிப்பு. இரோரி அடுப்பு பெரும்பாலான வீடுகளில் இருந்து போய்விட்டது. அடுப்பு போனால் புது ஸுஸுதாகேயும் இல்லை. இனி இந்தச் சொல்லைத் திரையிலும் கவிதையிலும் மட்டுமே சந்திக்கப் போகிறவர்களுக்கு, அது வெறும் தூசி இல்லைன்னு யாராவது சொல்லியாகணும்.