துரையின் பங்களாவும் தோட்டத்து லயமும்

ஒரு வீடு எப்பொழுது மரபுச் செல்வமாகிறது? இவ்வினாவிற்குக் கோலசிலாங்கூர் வட்டாரம் தரும் விடை நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

1905இல் மலாயாவிற்கு வந்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே, சிலாங்கூர் ஆற்றையொட்டிய ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் பயிரிட்டார். ‘பனைகளின் இல்லம்’ என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரில் அங்கு வீடும் கட்டினார். பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) அருகேயுள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917இல் அவர் தொடங்கியதே நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு என்பர். அவருடைய ‘மலேசி’ நாவல் 1930இல் கோன்கூர் பரிசு பெற்றது. அதன்வழி அவ்வீட்டின் பெயர் உலக இலக்கியத்தில் நிலைபெற்றது. தமிழ்த் தொழிலாளரும் அந்நாவலில் வருகின்றனர். எனினும் அவர்களைக் காண்பது துரையின் கண்ணே.

அத்தொழிலாளர் வாழ்ந்த லயத்தின் நிலை வேறு. ஒரே கூரையின்கீழ்ச் சுவர்களால் தடுக்கப்பட்ட அவ்வீடுகள் தோட்ட நிருவாகத்திற்கு உரியவை. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. தோட்டங்கள் கைமாறியபோதும் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோதும் லயங்கள் இடிக்கப்பட்டன. கா. பெருமாளின் ‘துயரப்பாதை’ போன்ற நாவல்கள் அவ்வாழ்வைப் பதிந்துள்ளன; கட்டடத்தையோ அவற்றால் காக்க இயலாது.

ஃபோக்கோனியே பிறந்த நாட்டில் வரலாற்றுச் சின்னங்களைக் காக்க 1913இல் சட்டம் இயற்றப்பட்டது. கோர்த் என்னும் சிற்றூரில் இடைக்கால வணிகரின் வீடுகளும் அப்பாதுகாப்பைப் பெற்றுள்ளன. மன்னர் வாழ்ந்த மாளிகைக்கு மட்டுமே வரலாறு உண்டு என்று அங்குக் கருதவில்லை.

நம் நாட்டில் 1976ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறாண்டு என்னும் வயதையே முதன்மை அளவுகோலாகக் கொண்டிருந்தது. அதற்கு மாற்றாக வந்த 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தின் 67ஆம் பிரிவோ, வரலாற்று முதன்மையோடு சமூக, பண்பாட்டுத் தொடர்பையும், ஒரு வகைக் கட்டடத்திற்குச் சான்றாக விளங்கும் தன்மையையும் கருதுகிறது. லயம் இவற்றுள் எதற்குப் பொருந்தாது? எனவே, குறை சட்டத்தில் மட்டும் இல்லை. கேட்கத் தவறிய நம்மிடமும் உள்ளது.

லயம் வறுமையின் சின்னம். அதைக் காப்பது இழிவைப் போற்றுவதாகாதா என்று வினவுவோர் உளர். அவ்வினா நேர்மையானது. மக்கள் லயத்திலேயே வாழ வேண்டும் என்று நாம் கூறவில்லை. அவர்களுக்குச் சொந்த வீடு வேண்டும், அதுவே முதற்கடமை. ஆனால், அவர்கள் வெளியேறிய பின்னர் ஒரு வரிசையேனும் நிற்க வேண்டும். இழிவின் சான்றை அழித்துவிட்டால், இழிவு இழைத்தவர்க்கே அது நன்மையாக முடியும்.

தமிழாய்வாளராகிய நாம் தோட்டப் பாடல்களைத் தொகுத்தோம். தோட்ட நாவல்களைத் திறனாய்ந்தோம். அவை பிறந்த வீட்டின் நீள அகலத்தை அளந்தோமில்லை. எஞ்சியுள்ள லயங்களை அளந்து, படமெடுத்து, அங்கு வாழ்ந்த முதியோரின் சொற்களோடு ஆவணப்படுத்தி, மரபுடைமை ஆணையரிடம் விண்ணப்பிப்பது நம் துறைக்குரிய பணியாகும். துரையின் வீடு நாவலில் வாழ்கிறது. லயம் மண்ணில் நிற்கும்போதே அதனைக் காத்தல் வேண்டும்.