பொன்னாவின் நிமிர்வு

ஊரார் விதித்த தீர்ப்பைத் தானும் பாதி நம்பத் தொடங்கிவிட்ட ஒரு பாத்திரத்தை அந்தத் தாழ்வுணர்ச்சியிலிருந்து மீட்டெடுப்பது எழுத்தாளனுக்கு எளிய காரியமன்று. உபதேசம் செய்ய வாயெடுத்தால் கதை அக்கணமே செத்துவிடும். திருச்செங்கோட்டு வட்டாரத்தைக் களமாகக் கொண்டு பெருமாள்முருகன் எழுதிய 'மாதொருபாகன்' (2010) நாவலில், பிள்ளையில்லாத பொன்னா சுபகாரியங்களில் ஒதுக்கப்படுகிறாள். அவள் கணவன் காளி மாமனார் வீட்டில் நட்ட பூவரசோ கிளைபரப்பி நிழல் தருகிறது. வேறொருவர் பக்கம் பக்கமாகப் புலம்பியிருப்பார். இவருக்கு ஒரு மரம் போதுமாயிற்று. காளி உயிர்பிழைத்தானா என்ற கேள்விக்கு இருவேறு விடைகளுடன் 2014-இல் வந்த இரு தொடர்ச்சிகளில், 'அர்த்தநாரி'யில் காளி பிழைத்திருக்கிறான். 'ஆலவாயன்' நாவலில் அவன் உயிரோடு இல்லை. மாமியாரும் தாயும் அரணாக நிற்க, பொன்னா மெல்லத் தலைநிமிரும் பின்னதே என் அபிப்பிராயத்தில் கடினமான சாதனை. கணவனைப் பிழைக்கவைத்து ஆறுதல் தேடுவது யாருக்கும் தோன்றக்கூடிய உபாயந்தானே!