சூடு பட்ட கைக்கு எந்தக் கட்டு?

படப்பையிலிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலைகள் நெருங்கி நிற்கின்றன. வெல்டிங் பொறி, காய்ந்த இயந்திரத் தகடு, கேன்டீன் கொதிநீர் எனச் சிறு தீக்காயத்துக்கு இங்கே காரணங்கள் பல. 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. பெட்டியைத் திறந்தால் எது கைகொடுக்கும்?

எதுவானாலும், அதற்கு முன்னால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர். வெறும் சிவப்பு மட்டும் என்றால் கட்டே தேவையில்லை. கொப்புளம் கிளம்பினால்தான் ஒப்பீடு தொடங்குகிறது.

1968-இல் அறிமுகமான வெள்ளை மருந்து, சில்வர் சல்ஃபாடயசின் கிரீம், இன்றும் பலரின் முதல் தேர்வு. தடவும்போது குளிர்ச்சி, சிக்கல் மறுநாள்தான். பழைய பூச்சைத் தினமும் கழுவ வேண்டும், அது வலிக்கும். காய்ந்து படியும் ஏடு காயத்தின் ஆழத்தையும் மருத்துவரின் கண்ணிலிருந்து மறைத்துவிடும். 30 ஆய்வுகளைத் தொகுத்த 2013 காக்ரேன் மதிப்பாய்வில், சிலிகான் கட்டு போன்றவற்றைவிட இந்தக் கிரீம் பூசிய காயங்கள் மெதுவாகவே ஆறின. சிறு காயத்துக்கு இதைத் தவிர்த்துவிடலாம்.

பாரஃபின் காஸ் மலிவு, எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். மேலே பஞ்சுப்பட்டை வைத்துச் சுற்ற வேண்டும். நாள் கடந்து உலர்ந்தால் புதுத்தோலோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது பிய்க்காமல் நனைத்து எடுக்க வேண்டும். சிலிகான் வலைக்கு இந்தத் தொல்லை இல்லை: ஈரப் புண்ணில் ஒட்டாது, பல நாள் விடலாம். விலைதான் பல மடங்கு.

விரல் மூட்டுக்கு ஹைட்ரோகொலாய்டு நன்று. வளையும், தண்ணீர் புகாது. அடியில் மஞ்சளாகக் கூழ் சேர்ந்து வாடை வரும். பலர் அதைச் சீழ் என்று பயப்படுகிறார்கள். சுற்றிலும் சிவப்பு பரவி, வலியும் காய்ச்சலும் கூடினால்தான் கவலைப்பட வேண்டும்.

கொலாஜன் தாள் விஷயத்தில் சென்னை அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் உழைப்பு உண்டு. சுத்தமான காயத்தில் மருத்துவர் ஒட்டினால், ஆற ஆறத் தானே உரியும். மும்பை மருத்துவர்கள் கிருமி நீக்கிய வாழை இலையையும் சோதித்து, 2003-இல் நல்ல முடிவுகளை வெளியிட்டார்கள். அதற்காகக் கொல்லையில் அறுத்த இலையைப் புண்ணில் வைக்கக் கூடாது.

ஆலைப் பெட்டிக்குப் பாரஃபின் காஸும் சில ஹைட்ரோகொலாய்டு பட்டைகளும் போதும். வசதியுள்ள நிறுவனம் சிலிகான் வலையே வாங்கட்டும். முகம், பெரிய மூட்டு, உள்ளங்கையை விடப் பெரிய காயம், மின்சாரம் அல்லது அமிலம் சுட்டது என்றால் கட்டை ஆராய்ந்துகொண்டிருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.