கோரைப்பல் ராஜாவுக்கு ஓர் அட்டை

சுங்கை பட்டாணியில் என் அக்காள் மகன் ‘மேஜிக்’ என்ற அட்டை விளையாட்டுக்குத் தானே உயிரி அட்டைகள் வரைகிறான். உள்ளங்கையளவு இடம், பெயர், படம், விலை, வலிமை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். டிராகன் பக்கமே அவன் போவதில்லை. அவன் வாழும் கெடா மாநிலத்துக் கதைகளிலேயே அவனுக்கு ஆட்கள் இருக்கிறார்கள்: சமையல்காரரின் விரல் ரத்தம் சொட்டிய கீரைக்குழம்பில் ருசி கண்டுவிட்ட கோரைப்பல் ராஜா பெர்சியோங்; மேரோங் மகாவங்சா கதையில் கப்பல்களைத் தாக்கும் கெரோடா பறவை.

படத்தைவிட எனக்குப் பிடித்தது அவன் விதி எழுதும் பொறுமைதான். வலிய உயிரியென்றால் இறக்குவதற்கு விலை கூட வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டம் செத்துவிடும். ராஜாவுக்குத் தொடக்க வலிமை 1. களத்தில் எந்த உயிரி மடிந்தாலும் ஒன்று ஏறும். அந்த ரத்தப் பசி அப்படியே எண்ணில் வந்துவிட்டது! வெயில் நாளில் தோட்டத்து ரப்பர் காய் ‘படார்’ என்று வெடித்து விதை தெறிக்குமே, அதற்கும் ஓர் அட்டை: மலிவானது, சாகும்போது எதிரே நிற்பதைக் காயப்படுத்தும். மணிலா அட்டையில் மைப்பேனா கீறும் சத்தமும், பிளாஸ்டிக் உறையிட்ட கட்டைக் கலைக்கும்போது எழும் சரசரப்பும் கேட்கக் கேட்க இனிமை. முனியாண்டி சாமியை மட்டும் அட்டையாக்க மாட்டேன் என்கிறான், அதுவும் சரிதான். உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி வரைந்தால், பாராட்டிவிட்டு நகராதீர்கள். எதிரே உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆடுங்கள்.