பலி, சேதம், சித்தம்: விபத்துச் சொற்களைக் குறித்து ஒரு திறனாய்வு

ஒரு துயரத்தைக் குறிக்க நாம் தெரிந்தெடுக்கும் சொல், அத்துயரத்தைப் பற்றிய நமது தீர்ப்பையும் உடன் சுமந்து வருகிறது. யாரும் கருதிச் செய்யாத மரணங்களைக் குறித்துச் செய்தித்தாள்களும், அரசு அறிக்கைகளும், நமது பிரசங்கபீடங்களும் வழங்கும் சொற்களை இங்கே சீர்தூக்கிப் பார்க்க விரும்புகிறோம்.

2004-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் போடப்பட்டிருந்த கீற்றுப்பந்தல் தீப்பற்றியது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக்கூரை எரிந்து 94 குழந்தைகள் இறந்தனர். இவ்விரு நிகழ்ச்சிகளைப் பற்றியும் தமிழகம் வழங்கிய சொற்கள் ஏறத்தாழ ஒன்றே: தீ விபத்து, பலி, தீக்கிரையாயினர், உயிர்ச்சேதம், எதிர்பாராத துயரம்.

இவற்றுள் 'பலி' என்பதை முதலில் நோக்குவோம். இரண்டே எழுத்துகளில் அடங்குவதால் தலைப்புக்கு அது வசதியானது, வழக்கில் ஊன்றியும்விட்டது. எனினும் ஆபேலின் காணிக்கை முதல் எபிரெயர் நிருபம் வரை வேதத்தைத் தமிழில் வாசித்து வருகிற நமக்கு அச்சொல்லின் பொருள் மறைவானதன்று. பலி என்றால் செலுத்துகிறவன் ஒருவன் உண்டு. ஏற்றுக்கொள்ளுகிறவர் ஒருவர் உண்டு. ஒரு நோக்கமும் உண்டு. பந்தலின் கீழ் இருந்தவர்களை யார், யாருக்குச் செலுத்தினார்கள்? 'தீக்கிரை' என்னும்போது மாண்டவர் நெருப்பின் உணவாகிறார். 'உயிர்ச்சேதம், பொருட்சேதம்' என்று இணைத்து எழுதும்போது மனிதனும் மரச்சாமானும் ஒரே கணக்கில் வருகின்றனர். இச்சொற்கள் யாவற்றிற்கும் பொதுவான ஒரு குறை உண்டு. மாண்டவரை அவை காட்டுகின்றன. கீற்றை வேய்ந்த கையையும், அதற்கு இசைந்த கையெழுத்தையும் காட்டுவதில்லை.

போர்க்களத்தின் மொழியிலும் இதுவே நிகழ்கிறது. குறிவைக்கப்படாத குடிமக்களின் சாவைப் 'பக்கச் சேதம்' என்று படைத்துறையினர் அழைத்தனர். கோசோவோ போர் நடந்த 1999-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் அதற்கு நேரான சொல்லே அவ்வாண்டின் தகாத சொல்லாக அறிவிக்கப்பட்டது.

திருமறையோ கருதாத கொலைக்குத் தனிச்சொல் வைத்திருக்கிறது. எண்ணாகமம் 35-லும் யோசுவா 20-லும் நமது பழைய மொழிபெயர்ப்பு 'கைப்பிசகாய்' என்கிறது. மூலத்தில் உள்ள 'ஷெகாகா' என்னும் எபிரெயச் சொல்லே லேவியராகமம் 4-இல் அறியாமையினால் செய்த பாவத்தையும் குறிக்கிறது. கைப்பிசகு என்ற சொல்லில் ஒரு கை இருக்கிறது என்பதை மாணவர்கள் கவனிக்கவேண்டும். கொலைபாதகன் என்ற பழி அவன்மேல் வருவதில்லை. பழிவாங்குகிறவனிடமிருந்து அடைக்கலப்பட்டணம் அவனைக் காக்கிறது. ஆயினும் அவன் உடனே வீடு திரும்ப முடியாது. சபை அவனை விசாரிக்கிறது. நோக்கம் இல்லாமை பொறுப்பு இல்லாமை ஆகிவிடாது.

இன்னும் இரண்டு கட்டளைகள் நமது பொருளுக்கு மிகவும் நெருங்கியவை. புதுவீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும். கட்டாமல் ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் (உபாகமம் 22:8). முட்டுகிற மாட்டைக் குறித்த சட்டமோ முதல் மரணத்தையும் அடுத்ததையும் வேறுபடுத்துகிறது. முன்னமே முட்டுகிற மாடென்று எச்சரிக்கப்பட்டும் கட்டிவைக்காத எஜமான் குற்றவாளி (யாத்திராகமம் 21:28-29). இந்த அளவுகோலால் 2004-ஐ அளந்து பாருங்கள். ஸ்ரீரங்கத்தில் கீற்று எரிந்து ஆறு மாதங்கள் முடியுமுன்னே, அதே காவிரிக்கரையில், கும்பகோணத்தின் கீற்று எரிந்தது. அதனை 'எதிர்பாராதது' என்பது மொழிப்பிழை மாத்திரமன்று, பொய்ச்சாட்சியுமாகும். நாட்டின் சட்டமும் இதை அறியும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவும் கவனக்குறைவால் விளைந்த மரணத்தைக் குற்றமென்றே கொள்ளுகின்றன.

நம்மிடத்தில் வழங்கும் சொல் ஒன்று உண்டு: 'தேவ சித்தம்'. துக்கவீட்டில் அதைச் சொல்லுகிற போதகர் ஆறுதலையே கருதுகிறார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அயலார் 'விதி' என்று சொல்லி விடுகிற இடத்தில் நாம் ஆண்டவருடைய பெயரை வைத்துவிடுகிறோம். கட்டாத கைப்பிடிச்சுவருக்கு அவரைப் பொறுப்பாக்குகிறோம். சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரைக் குறித்து (லூக்கா 13:4) நம் ஆண்டவர், அவர்கள் மற்றவர்களிலும் அதிகக் குற்றவாளிகள் என்பதை மறுத்தார். அவர்களது சாவுக்கு விளக்கம் கூறாமல், உயிரோடிருந்தவர்களை மனந்திரும்ப அழைத்தார்.

திருச்சிராப்பள்ளித் திருச்சபையின் தொடக்க வரலாறே நமக்கு ஒரு பாடம். 1763-இல் இவ்வூரில் வெடிமருந்துக் கிடங்கு தற்செயலாய் வெடித்துப் பலர் மாண்டபோது, சுவார்ட்ஸ் ஐயர் திக்கற்ற பிள்ளைகளுக்காகப் பணம் திரட்டிப் பள்ளி அமைத்தார். வெடித்தது தற்செயல், மக்கள் நடுவே மருந்தைக் குவித்தது தற்செயலன்று. ஐயருடைய பணி இந்த இரண்டாவது உண்மையைத் தொடவில்லை என்று திறனாய்வாளர் சொல்லக்கூடும். அது நியாயமே. என்றாலும் மாண்டவர்களை அவர் சேதக்கணக்கில் விட்டுவிடவில்லை. அவர்கள் விட்டுச்சென்றவர்களைப் பேணினார்.

ஆகவே இறையியல் மாணவர்களுக்கும் உடன் ஊழியருக்கும் நாம் வேண்டுவது இது. அடக்க ஆராதனையில் 'பலி' என்னாமல் 'மாண்டார்' என்றும், முடிந்தால் அவரவர் பெயராலும் சொல்லுங்கள். மன்றாட்டில் துக்கப்படுகிறவர்களையும், கைப்பிசகால் பழி சுமக்கிறவர்களையும் ஒருமித்து நினையுங்கள். பின்பு உங்கள் ஆலயத்தின் பந்தலையும், சபைப் பள்ளியின் கூரையையும் அண்ணாந்து பாருங்கள். அடுத்த துயரத்துக்கு 'எதிர்பாராதது' என்று பெயரிட நமக்கு உரிமை இராது.