என்ஜின் தெரிகிறது, பாதை தெரியவில்லை

அமெரிக்கத் தென் மாநிலங்களில் சிறு ரயில் நிறுவனங்கள் ஏராளம். 1980இல் வந்த ஸ்டாகர்ஸ் சட்டம், லாபமில்லாத கிளைப்பாதைகளைக் கைகழுவப் பெரிய நிறுவனங்களுக்கு வழிவிட்டது. பாதையை வாங்கிய சிறியவர்களுக்குப் புது என்ஜின் கட்டுப்படியாகவில்லை. 1950களின் ஜிபி7, ஜிபி9 போன்ற டீசல் என்ஜின்கள் அங்கே மரச்சீவலையும் தானியத்தையும் இழுத்துக்கொண்டு பல்லாண்டு பிழைத்தது இப்படித்தான். அவற்றைத் தேடித் தேடிப் படமெடுக்கும் ஆர்வலர்களின் உழைப்பு பெரிது. பார்வைதான் குறுகலாக இருக்கிறது.

உழைப்பின் பயனை முதலில் சொல்ல வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் ஓட்டுநர் முன்னால் பார்க்க வசதியாக என்ஜினின் மூக்கைத் தாழ்த்திக்கொண்ட பிறகும், சதர்ன் ரயில்வே உயர்ந்த மூக்கையே கேட்டு வாங்கியது. 1982இல் அது நார்ஃபோக் சதர்ன் குடைக்குள் வந்தது. அதன் என்ஜின்கள் பல காலப்போக்கில் சிறு நிறுவனங்களுக்குக் கைமாறின. கைமாறும்போது எண் மாறும், வண்ணம் மாறும், சில சமயம் மூக்கே வெட்டுப்படும். எந்த மாற்றம் எப்போது நடந்தது என்று தேட, தேதி குறித்த இந்தப் படங்களைப் போன்ற துணை வேறில்லை. மிசிசிப்பியின் கொலம்பஸ் அண்ட் கிரீன்வில் பாதையை 2008இல் வாங்கிய ஜெனசி அண்ட் வயோமிங் நிறுவனம், 2012இல் ரெயில்அமெரிக்கா என்ற சிறுபாதைக் குழுமத்தையும் வாங்கியது. ஊருக்கொரு வண்ணம் என்றிருந்தது போய் அதன் ஆரஞ்சு பரவியது. பழைய வண்ணத்தில் ஒரு கோடு எந்த இடத்தில் வளைந்தது என்பதைக்கூட அந்தப் படங்கள் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

குறை கோணத்தில் தொடங்குகிறது. கோடாக்ரோம் ஒளியுணர்வு குறைந்த ஃபிலிம். வெயில் முதுகில் விழ நின்று, மூக்கும் ஒரு பக்கமும் தெரியும் முக்கால் கோணத்தில் எடுத்தால்தான் படம் தெளிவாக விழும். 2009இல் கோடாக் அந்த ஃபிலிமை நிறுத்திவிட்டது. கோணத்தைப் பலர் இன்னும் விடவில்லை. மழையிலும் அந்தியிலும் எடுக்கக்கூடிய கேமரா கையில் இருந்தும், மேகம் மூடினால் மூட்டை கட்டிவிடுகிறார்கள்.

பாதை மோசமான இடங்களில் சரக்கு ரயிலுக்கு மணிக்கு 10 மைல்தான் அனுமதி. காரில் முந்திப் போய் ஒரே ரயிலை அடுத்தடுத்த லெவல் கிராசிங்குகளில் மடக்கி எடுக்கலாம். ஆனால் அந்த வாய்ப்பைத் தந்த மட்கிய ஸ்லீப்பர் கட்டைகளும் புல் மூடிய தண்டவாளமும் சட்டகத்துக்கு வெளியே போய்விடுகின்றன.

ஆர்கன்சா அண்ட் மிசூரி நிறுவனத்தின் ஆல்கோ என்ஜின்கள் இந்த ஆர்வலர்களுக்கு உயிர். த்ராட்டிலை ஏற்றியதும் எரிபொருள் முந்திக்கொள்கிறது. டர்போ வேகம் பிடித்துப் போதிய காற்றைத் தரச் சற்று நேரமாகும். அந்த இடைவெளியில் கரும்புகை குபுகுபுவென்று எழும்பும். பாஸ்டன் மலை ஏற்றத்தில் அது உண்மையிலேயே கண்கொள்ளாக் காட்சி. ஆனால் ஆல்கோ அமெரிக்காவில் என்ஜின் கட்டுவதை நிறுத்தியது 1969இல். அதன் பிறகும் அவற்றை ஓடவைத்த பணிமனைக் கைகளை எத்தனை படங்களில் பார்க்கிறோம்? லூசியஸ் பீபியும் சார்லஸ் கிளெக்கும் 1947இல் வெளியிட்ட ‘மிக்ஸ்டு டிரெய்ன் டெய்லி’ என்ற புத்தகம் நீராவிக்காலச் சிறுபாதைகளை ஊரோடும் ஊழியரோடும் சேர்த்துக் காட்டியது. பீபி முக்கால் கோணத்துக்கே பேர்போனவர். அவராலேயே அது முடிந்திருக்கிறது.

வட கரோலினாவின் கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் ரயில்பாதையில் இந்தக் குறை உறுத்தலாகவே தெரிகிறது. பழைய ஜிபி9கள் சுற்றுலாப் பெட்டிகளை இழுத்துச் செல்லும் அந்த வழியில், டில்ஸ்பரோ அருகே, 1993இல் வந்த ‘தி ஃபியூஜிடிவ்’ படத்துக்காக மோதவிட்ட ரயிலின் சிதைவு கிடக்கிறது. அதைப் படமெடுக்காதவர் குறைவு. பக்கத்திலேயே கூவீ குகைப்பாதை. அதைக் குடைந்தவர்கள் சிறைக்கைதிகள், பெரும்பாலும் கறுப்பர்கள். 1882 டிசம்பரில் வேலைக்காக டக்கசீஜி ஆற்றைக் கடந்த படகு கவிழ்ந்து, காலில் விலங்கோடு 19 பேர் மூழ்கிப் போனார்கள். குகையிலிருந்து ஜிபி9 வெளிவரும் படத்துக்குக் கீழே என்ஜினின் எண், கட்டிய ஆண்டு, முந்தைய உரிமையாளர் அனைத்தையும் பொறுப்பாக எழுதுகிறவர்கள், அந்த 19 பேருக்கும் ஒரு வரி எழுதலாம்.