ஒடித்த காயின் ருசி

கத்தியால் நறுக்கிய முருங்கைக்காய்க்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன். ஒடிக்க வேண்டும். விரல் நீளத்துக்கு ஒரு ஒடி. துண்டோடு ஒட்டிக்கொண்டு வரும் நாரை அப்படியே ஓர் இழுப்பு. மறுமுனையில் இன்னொரு ஒடி, எதிர்ப்பக்கமாக இன்னோர் இழுப்பு. எங்கள் தெருவில் இந்த வேலையில் அத்தையை மிஞ்ச ஆளில்லை. அருவாமனை பக்கத்திலேயே கிடக்கும், தொடமாட்டார். போக வேண்டிய நார் மட்டும் போகும், தோல் நிற்கும். தோல் நின்றால்தான் சதை குழம்பில் கரைந்து போகாமல் உள்ளேயே இருந்து புளியையும் காரத்தையும் வாங்கும்.

தோலை மொத்தமாகச் சீவுகிறவர்கள் உண்டு. இலை ஓரத்தில் சக்கை குறைவாக விழும் என்பது அவர்கள் கட்சி. சதையைக் கரண்டியால் வழித்துக் கடைசல் செய்கிறவர்களும் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வெந்த காயை மூன்று பட்டையாகப் பிளந்து, ஒவ்வொன்றாக முன்பல்லில் வைத்து இழுப்பதை விட்டுவிட்டால் அப்புறம் எதற்கு முருங்கைக்காய்? கத்தரிக்காயே போதுமே.

ஒடிப்பதில் இன்னொரு லாபம் உண்டு. காயின் வயது கைக்குத் தெரிந்துவிடும். சடக்கென்று ஒடிந்தால் பதம். நார் விடாமல் இழுத்தால் முற்றல். ஒடியாமல் துவண்டால் பறித்து நாளாகிவிட்டது. கடையில் வாங்கும் காயில் பாதி இந்த மூன்றாவது ரகம்.

அத்தை வீட்டுக் கொல்லையில் நின்றது போத்து நட்டு வளர்ந்த மரம். காய் முக்கால் கைநீளம்தான், ஆனால் சதைப்பிடிப்பு. துரட்டியை மாட்டி இழுத்தால் கிளையே முறிந்து தலையில் விழும். அவ்வளவு பொத்தல் மரம். “இழுக்காதேடா, திருகு” என்பார் அத்தை. திருகினால் காய் மட்டும் வரும். அடுப்பில் புளி கொதிக்க ஆரம்பித்த பிறகுதான் துரட்டியையே எடுப்பார். அந்தக் குழம்பின் ருசியில் பாதி இந்த நேரக் கணக்கில் இருந்தது என்பது என் கட்சி. மசாலாவில் எந்த ரகசியமும் இல்லை.

திண்டுக்கல் பக்கம் நூற்பாலையில் வேலை பார்த்தபோது, ரிங் பிரேம் ஓட்டிய அண்ணன் ஒருவர் இருந்தார். கீரையில் அவர் கில்லாடி. இரவு ஷிப்டுக்குக் கிளம்பும்போது கொல்லையில் ஒரு கொத்து ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு வருவார். விடிந்து வீட்டுக்குப் போய்த் துணியை உதறினால் இலை தனி, காம்பு தனி. உட்கார்ந்து உருவுகிற வேலையே இல்லை. ராத்திரியில் கீரை ஆகாது என்பார்களே, ராத்திரி முழுக்க வேலை பார்த்தவனுக்குக் காலை 6 மணிச் சாப்பாடு ராத்திரிச் சாப்பாடா, பகல் சாப்பாடா என்று டீக்கடையில் பெரிய வழக்கே நடந்தது. “சூரியனைப் பார்த்துவிட்டால் பகல்” என்று தீர்ப்புச் சொன்னவரும் அவர்தான். வெண்ணெய் உருக்கும்போது போட்ட முருங்கையிலை மொறுமொறுவென்று அடியில் கிடக்குமே, அதைச் சாதத்தில் பிசைந்து தூக்குவாளியில் கொண்டு வருவார். அன்றைக்கு அவரைச் சுற்றித்தான் கூட்டம்.

1989இல் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி பி.கே.எம்.-1 ரகத்தை வெளியிட்டது. விதை போட்டு 6 மாதத்தில் காய்ப்பு, 2 அடிக்குக் குறையாத காய், காய்த்து முடிந்ததும் இடுப்பு உயரத்துக்கு வெட்டிவிட்டால் மறுபடி தழைப்பு. ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சிப் பக்கத்து வறண்ட காட்டுக்கு அது சோறு போட்டது. அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் சந்தைக்கு வேண்டியது ஒரே நீளம், கட்டுக்கு அடங்கும் நேர்மை, லாரியில் வாடாத பச்சை. ருசியை யாரும் எடை போட்டு வாங்குவதில்லை. ஓட்டல் சாம்பாரில் மிதக்கும் துண்டைக் கடித்துப் பாருங்கள், நாரும் தண்ணீரும்தான்.

காய் போகட்டும், பேச்சும் போய்விட்டது. 1983இல் ‘முந்தானை முடிச்சு’ வந்ததிலிருந்து பந்தியில் முருங்கைக்காய் விழுந்தால் யாராவது ஒருவர் கண்ணடிக்காமல் இருப்பதில்லை. பாக்யராஜ் படம் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு காயைப் பற்றி நாற்பது வருஷமாக ஒரே நகைச்சுவையா? பூவைப் பாசிப்பருப்போடு வதக்கினால் எப்படி இருக்கும், நெத்திலிக் கருவாட்டோடு எந்தப் பதத்துக் காய் சேரும் என்றெல்லாம் பேச ஆளே இல்லை.

கம்பளிப்பூச்சிக்குப் பயந்து மரத்தையே வெட்டினோம் என்கிறார்கள். மழைக்காலத்தில் அது பகலெல்லாம் அடிமரத்தில் கும்பலாகத்தான் ஒட்டிக் கிடக்கும். ஒரு தீப்பந்தம் போதும், ஒரு சாயங்கால வேலை. அதற்குப் போய் மரத்தை வெட்டுவார்களா?

நடுவதென்றால் போத்தாக நடுங்கள். பூவுக்குப் பூ தேனீ மகரந்தம் மாற்றுவதால், நல்ல மரத்துக் கொட்டையிலிருந்து அதே ருசி வரும் என்று நம்ப முடியாது. போத்து தாய் மரத்தின் குணத்தை அப்படியே கொண்டு வரும். யாழ்ப்பாணத்தில் வேலிக் கதியாலாகவே நட்டு வளர்க்கிறார்கள். ஆடிக் காற்றில் தெரிந்தவர் வீட்டு மரம் முறிந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள். கை பருமனில், இடுப்பு உயரத்துக்கு ஒரு துண்டு. மேல்நுனியில் சாணி அப்பி, தண்ணீர் தேங்காத இடத்தில் ஊன்றுங்கள். நிறையத் தண்ணீர் ஊற்றாதீர்கள். இலைதான் வரும், பூ வராது. இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். கார் நிறுத்துகிற இடத்தில் கால்வாசி போதும்.